செங்காங்கா, தெங்காவா? வீடு வாங்குவோர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூரின் ஊர் ஓரத்துக் குடியிருப்புப் பேட்டைகளைப் பற்றியவை. செங்காங், பொங்கோல், தெங்கா, உட்லண்ட்ஸ் என்று ஆளுக்கொரு பெயர். நான் பல வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திர வேலை பார்த்தவள், குடியிருப்பது ஈசூனில். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் மேசையில் உட்கார்ந்த பிறகு கேள்வி கேட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதையே வீடு பார்க்கும்போது கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு இது முதல் வீடு. இருவரும் குடிமக்கள், இருவருக்கும் 31 வயது, சேர்த்து மாதம் 7,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம். நான் நொவீனாவில் ஒரு மருத்துவமனையில் தாதி. கணவருக்குத் துவாஸில் வேலை. தெங்காவில் பிடிஓ, அதாவது முன்பதிவு செய்தபின் கட்டும் அரசு வீடு, வரும்போது விண்ணப்பிக்கலாம், தன் வேலைக்கும் பக்கம் என்கிறார் அவர். எனக்குச் செங்காங்கில் மறுவிற்பனை நான்கறை வீடு பிடித்திருக்கிறது. 610,000 வெள்ளி கேட்கிறார்கள். என் அம்மா ஹவ்காங்கில் இருக்கிறார், குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விலையைப் பார்த்தால் கணவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
*ஒரு வாசகி, ஹவ்காங்*

பதில்: தங்கச்சி, விலைக்கு அப்புறம் வருவோம். முதலில் பிறக்கப்போகும் குழந்தையைக் காலையில் யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் தாதி, காலை ஷிஃப்ட் இருட்டிலேயே தொடங்கிவிடும். அம்மா வீடு ஹவ்காங்கில் இருக்க, நீங்கள் தெங்காவில் குடியிருந்தால் குழந்தையைத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் அம்மா தினமும் அங்கே வர வேண்டும். முதல் ஆறு மாதம் பாசத்தில் ஓடிவிடும். அதன் பிறகு யாரோ ஒருவர் வேலையைக் குறைத்துக்கொள்வார், பெரும்பாலும் அது பெண்ணாகத்தான் இருக்கும்.

தெங்காவைக் குறை சொல்லவில்லை. பசுமையை வைத்துத் திட்டமிட்ட ஊர், நகர மையத்தில் கார் ஓடாத ஏற்பாடு, துவாஸுக்கும் பக்கம். ஆனால் ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027இல் தொடங்கிக் கட்டம் கட்டமாகத்தான் திறக்கப்படும். அதுவரை பேருந்துதான். பிடிஓ வீட்டுக்குச் சில வருடக் காத்திருப்பும் உண்டு. கட்டிமுடித்த பிறகும் கடை, மருந்தகம், பாலர் பள்ளி எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது. புதுப் பேட்டைக்கு முதலில் குடிபோகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும்.

செங்காங் அப்படி இல்லை. வடகிழக்கு ரயில் பாதை ஓடத் தொடங்கியது 2003இல். இலகு ரயில் இருக்கிறது, 2018இல் பெரிய மருத்துவமனையும் வந்துவிட்டது. நீங்கள் சிராங்கூனில் இறங்கி வட்டப் பாதையில் பீஷான், அங்கிருந்து நொவீனா என்று போய்விடலாம். ரிவர்வேல் கிரசென்டில் முருகன் கோயில் இருக்கிறது. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) மாறாமல் ஒரே ரயில். தீபாவளிச் சாமான் வாங்கிய பைகளோடு திரும்புகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, இனி பணம். நீங்கள் முதல்முறை வாங்குபவர்கள் என்பதால் நான்கறை மறுவிற்பனை வீட்டுக்கு 80,000 வெள்ளி குடும்ப மானியம் கிடைக்கும். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் இன்னும் 20,000. உங்கள் சம்பளம் 9,000க்குக் கீழே இருப்பதால் கூடுதல் வீட்டு மானியத்திலும் ஒரு பங்கு வரும். அந்த மானியத்தின் உச்சம் 2024 ஆகஸ்டிலிருந்து 120,000 வெள்ளி. ஆனால் அது சம்பளம் குறைந்தவர்களுக்கு, உங்களுக்கு அதில் சிறு பகுதிதான் எதிர்பார்க்கலாம். அம்மா வீட்டுக்கும் அந்தப் புளோக்குக்கும் உள்ள தூரத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இணையத்தளத்தில் முகவரி போட்டே பார்த்துவிடுங்கள். ஹவ்காங்கும் செங்காங்கும் பக்கத்துப் பேட்டைகள்தாம், ஆனாலும் ஓரத்தில் இருக்கும் புளோக்குகள் 4 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். 25 வருடத் தவணை என்றால் ஒவ்வொரு 100,000 வெள்ளிக்கும் மாதம் சுமார் 454 வெள்ளி கட்ட வேண்டிவரும். தவணை உங்கள் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதாவது 2,340 வெள்ளி. இந்த வீடு அந்த வரம்புக்குள் வருகிறது.

உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டியது ரொக்கம். விலையை முடிவு செய்து, விற்பவர் உங்களுக்கு வாங்கும் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீடு 590,000 என்று வந்தால் மிச்சம் 20,000 வெள்ளியை ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேம நிதியிலிருந்து எடுக்க முடியாது, கடனும் கிடைக்காது. 610,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 12,900 வெள்ளி. அப்புறம் வழக்கறிஞர் கட்டணம், முகவர் வைத்தால் அவர் கட்டணம், வீட்டைப் புதுப்பிக்கும் செலவு. அதே புளோக்கில், பக்கத்துப் புளோக்குகளில் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது வீவக இணையத்தளத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

வீட்டுத் தகுதிக் கடிதத்தை இன்றே விண்ணப்பியுங்கள். அது கையில் இல்லாமல் உரிமைப் பத்திரம் வாங்க முடியாது. உரிமைப் பத்திரத்துக்கு முன்பணம் 1,000 வெள்ளிக்கு மேல் கேட்கக்கூடாது. வாங்கிய பிறகு முடிவெடுக்க 21 நாள் உண்டு.

இன்னும் ஒன்று. சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை, விற்கும்போது 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திருப்பிப் போட வேண்டும். மானியத்துக்கும் அதே விதிதான். 100,000 வெள்ளி 20 வருடத்தில் ஏறத்தாழ 164,000 ஆகிவிடும். அது உங்கள் பணம்தான், எங்கும் போகாது. ஆனால் வீட்டை விற்றால் கைக்கு என்ன வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விற்ற நாளில் அதிர்ந்துபோய் உட்கார்ந்த தம்பதிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: துவாஸ் கம்பெனிகள் பலவற்றுக்கு ஆள் ஏற்றும் பேருந்து உண்டு. செங்காங் பக்கம் வருகிறதா என்று அவர் கேட்கட்டும். வந்தால் என் வாக்கு செங்காங்குக்கு. வராவிட்டாலும் செங்காங்குக்குத்தான், ஆனால் அவர் படும் பாட்டை நீங்கள் மதிக்க வேண்டும்.

கேள்வி: நானும் மனைவியும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். போன வருடம் நிரந்தரவாசி ஆனோம். வாடகை கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. உட்லண்ட்ஸில் வீடு வாங்கலாமா?
*ஒரு வாசகர், அட்மிரல்டி*

பதில்: தம்பி, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இருவருமே நிரந்தரவாசி என்றால், அந்தத் தகுதி கிடைத்து 3 வருடம் ஆன பிறகுதான் வீவக வீடு வாங்க முடியும். அதுவும் மறுவிற்பனை வீடு மட்டும். மானியமும் இல்லை, வீவக கடனும் இல்லை, வங்கிக் கடன்தான். வழக்கமான முத்திரைத் தீர்வைக்கு மேல் 5 விழுக்காடு கூடுதல் தீர்வையும் உண்டு. 500,000 வெள்ளி வீட்டுக்கு அது மட்டுமே 25,000.

புளோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு இரண்டு வரம்பு. ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு இருக்கலாம் என்று வீவக வைத்திருக்கும் வரம்பில் இந்தியர் ஒதுக்கீடு ஒன்று. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான ஒதுக்கீடு இன்னொன்று, புளோக்குக்கு 8 விழுக்காடு, வட்டாரத்துக்கு 5. உட்லண்ட்ஸில் இரண்டும் இடம் கொடுக்கும் புளோக்காகப் பார்க்க வேண்டும்.

ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால் அதை மறைக்காதீர்கள். வெளிநாட்டு வீடும் கணக்கில் வரும். அப்பா பெயரில் இருப்பதற்கும் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, முன்பணம் கொடுக்கும் முன்பே வீவகவிடம் எழுத்தில் கேளுங்கள். "எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று முகவரோ நண்பரோ சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிறகு வீவக கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: உட்லண்ட்ஸில் எங்கள் ஐந்தறை வீட்டை விற்பனைக்குப் போட்டு மாதக்கணக்காகிறது. பார்க்க வருகிறார்கள், பிடித்தும் போகிறது. ஆனால் சீனர்களுக்கு விற்க முடியாது, ஒதுக்கீடு நிறைந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுச் சீனர் எங்களைவிட நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள், நாங்கள் சின்ன வீட்டுக்கு மாறப் பார்க்கிறோம். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
*ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்*

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்தது. விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் வாங்கும்போது இதைக் கேட்பதே இல்லை.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் நம் தனபாலன். சில பேட்டைகளில் ஒரே இனத்தார் குவியத் தொடங்கியிருந்தார்கள். ஈசூனில் இந்தியர்கள் அப்படிச் சேர்ந்தார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்புகளில் வளர்ந்த என் தலைமுறைக்கு அது தெரியும், தெரிந்த முகங்களுக்குப் பக்கத்தில் வீடு தேடுவது இயல்பாக நடந்த ஒன்று. 1964 இனக் கலவரத்தைப் பார்த்த நாடு ஒரே இனத்தார் இப்படிக் குவிவது பெருகுவதை விரும்பவில்லை. எனக்கு அந்தக் காரணம் புரிகிறது, கொள்கை தேவை என்றும் நம்புகிறேன். என் பிள்ளைகள் மலாய்க்கார, சீனப் பிள்ளைகளோடு ஒரே கீழ்த்தளத்தில் ஓடி விளையாடி வளர்ந்தார்கள்.

இன்றைய வரம்பு இது: சீனர்களுக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து 12, 15. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்கே சீனர் ஒருவர் இன்னொரு சீனருக்கு விற்கலாம், விகிதம் மாறாது. உங்களைப் போன்ற இந்தியர் சீனருக்கு விற்க முடியாது, விகிதம் கூடிவிடும். நாட்டில் வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்கள் உங்கள் கதவைத் தட்டவே முடியாது என்றால் விலை இறங்கத்தான் செய்யும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. இதன் பாரம் சிறுபான்மை விற்பனையாளர் மேல்தான் விழுகிறது. இதை வெளிப்படையாகச் சொல்வதில் தவறு எதுவும் இல்லை.

2022இல் வீவக ஓர் உதவியை அறிவித்தது. இந்த ஒதுக்கீட்டால் உண்மையிலேயே விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை, நிலைமையைப் பார்த்து, வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வரும். எல்லாருக்கும் கிடைக்காது. நியாயமான விலையில் முயன்றும் விற்கவில்லை என்று காட்ட வேண்டும். அதனால் விளம்பரம் போட்ட தேதி, பார்க்க வந்தவர்கள், அவர்கள் கேட்ட விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீவக கிளை அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போங்கள். கூச்சமே வேண்டாம், அங்கே இதுபோன்ற கோரிக்கையோடு வரும் முதல் ஆள் நீங்கள் அல்ல.

இதற்கிடையில், மலாய்க்காரருக்கு இடம் இருக்கிறதா என்று வீவக இணையத்தளத்தில் பாருங்கள். மாதந்தோறும் முதல் தேதியில் அந்தக் கணக்கு புதுப்பிக்கப்படும். சீனர் வரம்பு சிறிது தளர்ந்த மாதத்தில் நீங்கள் தயாராக இருந்தால் விற்றுவிடலாம். முகவரிடம் கேளுங்கள்: தமிழ், மலாய் வாசகர்கள் பார்க்கும் இடத்தில் விளம்பரம் வந்ததா? நிரந்தரவாசி ஆகி 3 வருடம் முடிந்த நம் குடும்பங்கள் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோயில், தமிழ்ச் சங்கம், பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு என்று சொல்லி வையுங்கள். உட்லண்ட்ஸுக்கு இப்போது சொல்ல நிறைய இருக்கிறது: 2020இல் வந்த தாம்சன் ரயில் பாதை, புதிய மருத்துவமனை, ஜொகூர் பாருவுக்குப் போகவிருக்கும் ரயில்.

ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த வீட்டுக்கு வாங்குபவர் உறுதியாகும் முன் சின்ன வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர் வீடு அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

வாங்கப்போகிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் இந்தியர் என்றால், வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே அந்தப் புளோக்கின் ஒதுக்கீட்டையும் பாருங்கள். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் நாளைக்கு விற்பது உங்களுக்குக் கடினமாகலாம். அப்படியும் அந்த வீடு பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கேள்வி: பிடிஓவில் எங்கள் வரிசை எண் வந்துவிட்டது. கிழக்கு வாசல் வீடு எல்லாம் போய்விட்டது. மேற்கு வாசல் எடுக்கலாமா?
*ஒரு வாசகி, சுவா சூ காங்*

பதில்: எடுக்கலாம் அம்மா. அடுக்குமாடி வீட்டில் வாசல் நடைபாதையைத்தான் பார்க்கிறது. படுக்கையறைச் சன்னல் மேற்கே இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அங்கே பிற்பகல் வெயில் சுவரைச் சூடாக்கி இரவுவரை விடாது, மின்கட்டணத்தில் அது தெரியும். குப்பைக்கூடம், சாலைச் சத்தம், எதிர்ப் புளோக்கின் தூரம் இவற்றை வரைபடத்தில் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் மனம் சங்கடப்பட்டால் வாசலில் ஒரு விளக்கேற்றி வைத்து அவர்களைச் சமாதானப்படுத்துங்கள், அவர்கள் நம்பிக்கையும் முக்கியம்தான்.

பிள்ளை இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடப்பதில்லை. 1 கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தத் தூர முன்னுரிமையில் சேர்த்தால், அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 71 வயது. தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறேன், கணவர் காலமாகிவிட்டார். மகன் பொங்கோலில் ஐந்தறை வீடு வாங்கப்போகிறான். என் வீட்டை விற்று அந்தப் பணத்தையும் போட்டால் கடன் குறையும், நானும் அவர்களோடு இருக்கலாம் என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனாலும் மனது ஒப்பவில்லை. இதை எப்படிச் சொல்வது?
*ஒரு வாசகி, தோ பாயோ*

பதில்: அம்மா, உங்கள் மனது ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சுயநலம் என்று நினைக்காதீர்கள்.

பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். பணத்தை நீங்கள் போட்டு, பெயர் மகனுக்கும் மருமகளுக்கும் மட்டும் இருந்தால், அந்த வீட்டில் நீங்கள் உடன் குடியிருப்பவர்தான், உரிமையாளர் அல்ல. நாளை வீட்டை விற்பதைப் பற்றி உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்குள் பிரிவு வந்தாலும் உங்கள் பணம் தனியாக நிற்காது. மகன் நல்லவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பணம் போடுவதாக இருந்தால் பெயரும் சேர வேண்டும். எப்படிச் சேர்கிறது என்பதையும் கேளுங்கள். கூட்டுரிமை என்றால் ஒருவர் காலமானதும் அவர் பங்கு மற்றவர்களுக்குத் தானாகப் போய்விடும். தனித்தனிப் பங்குரிமை என்றால் உங்கள் பங்கை உயிலில் நீங்கள் விரும்பியவருக்கு எழுதலாம். மகன் போகும் வழக்கறிஞரிடம் மட்டும் போகாமல், உங்களுக்காகப் பேசும் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது தனியாக உட்காருங்கள். சமூக மன்றங்கள் பலவற்றில் இலவச சட்ட ஆலோசனை நடக்கிறது.

பொங்கோல் நல்ல ஊர். ஆற்றோர நடைபாதை, ஒயாசிஸ் டெரசஸில் பலதுறை மருந்தகம், ஒன் பொங்கோலில் உணவங்காடி, நூலகம் எல்லாம் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவுக்கு நேர் ரயில். ஆனால் காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும், மாலைவரை யாரிடம் பேசுவீர்கள்? தோ பாயோவில் வைரவிமட காளியம்மன் கோயில் இருக்கிறது, பழகிய கடைக்காரர்கள் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். உங்கள் உடம்புக்கு அவசரம் என்றால் ஓடிவர அவர்கள்தான் முதலில் இருப்பார்கள்.

அதனால் விற்காமல் முதலில் போய் இருந்து பாருங்கள். மகன் வீட்டில் இரண்டு மூன்று மாதம் தங்குங்கள், உங்கள் வீட்டைப் பூட்டி வையுங்கள். பிடித்துவிட்டால் விற்பதைப் பற்றி அப்போது பேசலாம். பிடிக்காவிட்டால் திரும்பிவர உங்களுக்கு ஒரு வீடு இருக்கும். விற்றுவிட்டால் தோ பாயோவில் இதே போன்ற வீட்டை மறுபடி வாங்குவது உங்கள் வயதில் எளிதல்ல.

பணம்தான் நெருக்கடி என்றால், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குத்தகையை, அதாவது வீட்டில் குடியிருக்கும் கால உரிமையை, விற்கும் திட்டம் ஒன்று வீவகவில் உண்டு. மீதமுள்ள குத்தகையின் கடைசிப் பகுதியை வீவக வாங்கிக்கொள்ளும், நீங்கள் அதே வீட்டிலேயே இருப்பீர்கள். அந்தப் பணம் உங்கள் சேமநிதிக்குப் போய் மாதாமாதம் உங்களுக்கு வரும். அது உங்களுக்கான பணம், மகன் கடனை அடைக்க உதவாது. மகனுக்குக் கடன் கூடுதலாக இருந்தால் அவர் நான்கறை வீடு பார்க்கட்டும். மானியமும் நான்கறைக்குத்தான் அதிகம், 80,000. ஐந்தறைக்கு 50,000தான். உங்கள் பேரப்பிள்ளைகள் அதிலும் நன்றாகத்தான் வளர்வார்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். பத்திரத்தைப் பற்றி அவருக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதட்டும், அடுத்த இதழில் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.